ஏழாவது ஆளின் சட்டைப் பை

யாரும் கைவிட்டுப் பார்க்கப்போகாத ஒரு பைக்குள் என்ன இருந்தால் என்ன, இல்லாவிட்டால்தான் என்ன?

இந்தக் கேள்வியை யாரும் அந்த மனிதரிடம் நேரடியாகக் கேட்டதில்லை. ஆனால் அவர் வாழ்ந்த விதத்தைப் பார்த்தால், இருபத்தாறு வருடமாக அதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார் என்று தோன்றும். சினிமாவில் காஸ்ட்யூமர். நடிகர்களுக்குத் துணி எடுத்து, தைத்து, தேய்த்து, எண் கட்டித் தொங்கவிடுவது வேலை. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி படப்பிடிப்பில் எல்லோருக்கும் அவர் பாக்கெட் அண்ணன்.

சினிமாவுக்கு வருமுன் நாலு வருடம் ஒரு சலவைக்கடையில் இருந்தார். பையைத் தேடாமல் துணியைத் தொட்டியில் போடக்கூடாது என்பது அங்கே சட்டம். அந்த நாலு வருடத்தில் அவர் ஊரைத் தெரிந்துகொண்டது முகங்களை வைத்து அல்ல, பைகளை வைத்து. மீசையை முறுக்கிக்கொண்டு வந்து துணியை வீசிவிட்டுப் போகிற ஒரு ஆசாமியின் கோட்டுப் பையில் வாரம் தவறாமல் மிட்டாய்க் காகிதத்தில் மடித்த கப்பல்கள் இருக்கும். அன்றிலிருந்து அந்த மீசைக்கு அவர் பயப்பட்டதே இல்லை.

அதனால் சினிமாச் சட்டைகளின் காலிப் பைகள் அவரை உறுத்தின. "பொணத்துக்குப் போடற சட்டை மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே எதையாவது உள்ளே வைப்பார். கிழிந்த பஸ் டிக்கெட், ஒற்றைப் பொத்தான், பாதி தின்ற மாத்திரை அட்டை. நூற்றில் தொண்ணூறு நடிகர்கள் கவனித்ததே கிடையாது. ஒரு முறை இன்ஸ்பெக்டராக நடித்தவர் விசில் எடுக்கப்போய், நுனி கடித்த பென்சில் ஒன்றை எடுத்து வாயில் வைத்துவிட்டார். அன்றைக்கு வாங்கிய திட்டில் இன்னொருவராக இருந்தால் பழக்கத்தையே விட்டிருப்பார். இவர் மறுநாள் பென்சிலைக் கழுவி வேறு சட்டையில் வைத்தார்.

"ஏங்க, நம்ம வீட்டுப் பொருளெல்லாம் சினிமாவுல நடிக்குது. எனக்கு அவசரத்துக்கு ஒரு ஊக்கு கிடைக்க மாட்டேங்குது" என்பது மனைவியின் நிரந்தரப் புகார். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். மாத்திரை அட்டைகள் அங்கிருந்து வந்தவைதான் என்பதை வசதியாக மறந்துவிடுவாள்.

இந்த நிலையில்தான் அந்தக் கொள்ளைப் படம் வந்தது. ஒன்பது பேர் சேர்ந்து ஒரு வங்கியின் பெட்டக அறையைக் காலி செய்கிற கதை. இயக்குநர் சின்ன வயசுக்காரர், புத்திசாலி. அறைச் சுவர் முழுக்க வரைபடம், ஒன்பது நிறத்தில் ஒன்பது குண்டூசிகள். எந்த நிமிடம் எந்த ஊசி எங்கே நிற்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அந்த ஒன்பது பேரில் யாருக்கு அம்மா இருக்கிறாள் என்று கேட்டால்தான் விழிப்பார்.

"ஏழாவது ஆள் யாரு சார்?" என்று அண்ணன் நடிகர்களுக்கு அளவெடுக்கும்போது கேட்டார்.

"கயிறு பிடிக்கிறவன்."

"அது அவன் பாக்கற வேலை சார். ஆள் யாரு?"

இயக்குநர் சுவரைப் பார்த்தார். "நீலச் சட்டை, அண்ணே."

ஏழாவது ஆளாக நடிக்கவிருந்தவன் வேறு யாருமில்லை, அண்ணனின் மைத்துனன். மனைவிக்கு ஒரே தம்பி. பதினெட்டு வருடமாகச் சினிமாவில் செத்துக்கொண்டிருக்கிறான். பெரும்பாலும் முதுகில் சுடுவார்கள், அதனால் முகம் தெரியாது. இந்தப் படம் அவனுக்குக் கடைசி வாய்தா.

"இதுல ஒரு தடவை முகத்தை முழுசாக் காட்டிட்டாங்கன்னா இருக்கேன். இல்லைன்னா இவ அண்ணனோட டயர் கடைக்குப் போயிடறேன். வாக்குக் கொடுத்தாச்சு" என்றான், தன் மனைவியைக் காட்டி.

"டயர் கடையும் நல்ல தொழில்தாண்டா" என்றாள் அக்கா. சொன்ன வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொள்ளைக்கு முன்னால் ஒன்பது பேரும் ஒரு வேனுக்குள் காத்திருக்கிற காட்சி. கேமரா ஒவ்வொரு முகத்தையும் தொட்டுக்கொண்டு நகரும், ஆளுக்கு மூன்று விநாடி. அன்று காலை அண்ணன் ஒரு துண்டுச் சீட்டில் செருப்புத் தைக்கிற கடையின் ரசீது மாதிரி கிறுக்கி, நாலாக மடித்து, நீலச் சட்டையின் பையில் வைத்தார். 'பள்ளிக்கூட ஷூ ஒரு ஜோடி. அடி மாற்ற. சனிக்கிழமை வரவும்.' படத்தில் கொள்ளை வெள்ளிக்கிழமை.

மைத்துனனிடம் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. கேமரா ஆறாவது ஆளைத் தாண்டி வரும்போது, கையை என்ன செய்வது என்று தெரியாமல் அவன் பையைத் தொட்டான். ஏதோ சரசரத்தது. எடுத்துப் பிரித்தான், படித்தான். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். பிறகு அதே மடிப்பில் மடித்து உள்ளே வைத்தான். கேமராமேன் நகர மறந்துவிட்டார். மூன்று விநாடி பதினொன்றானது.

"என்ன பேப்பர் அது?" என்று இயக்குநர் ஓடிவந்து வாங்கிப் படித்தார். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அந்த மனிதரின் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வந்ததில்லை.

ஆனால் சிக்கல் ஏற்கெனவே பிறந்து மூன்று வாரமாகியிருந்தது. சினிமாவில் சாவை முதலிலும் வாழ்வைப் பிறகும் எடுப்பார்கள். ஏழாவது ஆள் சுடப்பட்டு விழுவதும், போலீஸ் அவன் பையை வெளியே இழுத்துப் போட்டுத் தேடுவதும் முன்பே எடுத்தாகிவிட்டது. அந்தப் பை சுத்தமாகக் காலி. காரணம் அண்ணன்தான். ரத்தம் பூசுகிற சட்டை ஒவ்வொரு டேக் முடிந்ததும் சலவைக்குப் போகும். சலவைக்குப் போகிற துணியின் பையில் ஒன்றும் இருக்கக்கூடாது. சலவைக்கடை மனம் அந்த ஒரு சட்டையில் மட்டும் எதையும் வைக்க விடவில்லை.

எடிட்டர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து ஓட்டிக் காட்டினார்.

"வேன்ல சீட்டை உள்ள வைக்கிறான். பத்து நிமிஷத்துல சாகறான். பை காலி. சீட்டு எங்கண்ணே போச்சு? ரெக்கை முளைச்சுப் பறந்துதா?"

"திரும்ப எடுக்க முடியாதா?" என்றார் அண்ணன்.

"அந்தக் கட்டடத்தையே இடிச்சாச்சு. சாவைத் தூக்கினா கதை நிக்காது. வேனைத் தூக்கினா எவனுக்கும் ஒண்ணும் தெரியாது. தூக்கிடறேன்."

பின்னால் இயக்குநர் நகம் கடித்துக்கொண்டு நின்றார். திரையில் மைத்துனனின் முகம், பதினெட்டு வருடத்தில் முதன்முறையாக முழுசாக, ஜன்னலைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது. அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பை காலியாத்தான் சார் இருக்கணும்" என்றார்.

"எப்படி?"

"வேன்லேருந்து இறங்கறப்போ கொடுத்திருப்பான். திரும்பி வர மாட்டோம்னு தோணியிருக்கும்."

"யார்கிட்ட?"

"எட்டாவது ஆள்கிட்ட. பக்கத்துல உக்காந்திருந்தவன். அவன் ஒருத்தன்தானே கடைசில தப்பிக்கிறான்?"

எடிட்டர் நாற்காலியைத் திருப்பினார். இயக்குநர் வாயிலிருந்து விரலை எடுத்தார். எட்டாவது ஆள் தப்பிக்கிறான் என்பது சுவர் வரைபடத்திலேயே இருந்தது. தப்பித்து என்ன செய்கிறான் என்பதுதான் எங்கும் இல்லை.

மறுவாரம் அரை நாளில் ஒரே ஒரு காட்சி எடுத்தார்கள். சனிக்கிழமை காலை. எட்டாவது ஆள் செருப்புக் கடையில் ரசீதை நீட்டுகிறான். கடைக்காரர் ஒரு ஜோடிச் சின்ன ஷூவை எடுத்து வைக்கிறார். அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த வீட்டுக்குப் போவதென்று தெரியாமல் தெருவில் நிற்கிறான். வசனம் கிடையாது.

படம் சுமார்தான். ஒன்பது பேரில் ஏழு பேரை வாசலைத் தாண்டுவதற்குள் மறந்துவிடலாம். கொள்ளை கச்சிதமாக இருந்தது. ஆனால் யார் அடித்தால் என்ன, யார் மாட்டினால் என்ன என்றுதான் உட்கார்ந்திருக்க முடிந்தது. இருந்தும் ஜனங்கள் ஷூவைப் பற்றிப் பேசினார்கள். பஸ் நிறுத்தத்தில் ஒரு அம்மாள் மைத்துனனை வழிமறித்து, "ஏம்பா, பிள்ளைக்கு ஷூ போய்ச் சேர்ந்துதா?" என்று கேட்டாள். பிள்ளையே இல்லாத அவன், "சேர்ந்துதும்மா, கொஞ்சம் பெருசா இருக்கு" என்றான். டயர் கடைப் பேச்சு நின்றுபோனது.

இரண்டாம் பாகம் அறிவித்தார்கள், புதுக் கொள்ளை, மறுபடியும் ஒன்பது பேர். செத்த ஏழாவது ஆளுக்கு இரட்டைச் சகோதரன் முளைத்தான். முதல் பாகத்தில் அம்மாவே இல்லாதவனுக்கு இப்போது தம்பி. மைத்துனனுக்கு இரண்டு பக்க வசனம், நாலு குளோஸ்-அப்.

"அண்ணே, இந்தத் தடவை எல்லாருக்கும் பையில ஏதாவது வைங்க. நீங்களே பாத்து வைங்க" என்று இயக்குநர் ஆள் மேல் ஆள் அனுப்பினார்.

மைத்துனன் வீட்டுக்கே வந்துவிட்டான். "மாமா, எனக்கு என்ன வைக்கப்போறீங்க? இப்பவே சொல்லிடுங்களேன். கண்ணாடி முன்னாடி பழகிக்கிறேன்."

"ஏண்டா, திடீர்னு எடுத்தாத்தானே நடிப்பு?" என்றாள் அக்கா.

"அது ஒரு தடவை வரும்க்கா. தினமுமா வரும்?"

அண்ணன் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

அவன் போனபிறகு எட்டுச் சட்டைகளில் எட்டுப் பொருள் வைத்தார். ஒரு சாவி, ஒரு கண் மருந்துக் குப்பி, யாரோ எழுதிய பாதிக் கடிதம், இப்படி. ஒன்பதாவதாக ஏழாம் எண் சட்டையை மடியில் போட்டுக்கொண்டார். பையை விரித்துப் பார்த்தார். உள்ளே ஒன்றும் வைக்கவில்லை. பையின் வாயை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நீல நூலால் நெருக்கி நெருக்கித் தைத்தார்.

மனைவி எட்டிப்பார்த்தாள். "என்னங்க இது? நாளைக்கு அவன் கையை விடுவானே!"

"அதுக்குத்தான்" என்று அவர் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். சட்டையைத் தேய்த்து, எண்ணைக் கட்டி, மற்ற எட்டோடு மாட்டினார்.