அழித்தாலும் திரும்பும் பெயர்

1. கும்மிடிப்பூண்டி உருக்காலை ஆய்வகத்தில் ஓர் அறிக்கை எழுதினேன். என் பழைய சோதனை அறிக்கைகளை மேற்கோள் மென்பொருள் வழியாக ஆதாரம் காட்டினேன்.
2. மேலாளர் முகப்பிலிருந்த என் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டார்.
3. அவருக்கு அந்த மென்பொருள் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

தலை வாராமல் அவர் எதிலும் கையெழுத்திட மாட்டார். அன்று சீப்பும் கையுமாக வந்து நின்றார்.

"இன்னாம்மா இது, கடைசிப் பக்கத்துல உன் பேரை அழிக்க அழிக்கத் திரும்ப வந்துகினே இருக்கு?"

"சாஃப்ட்வேர் சார். உள்ள என் பழைய அறிக்கைங்க ஆதாரமா இருக்கற வரைக்கும், எழுதினவங்க பேரோட பட்டியல் கடைசியில தானா வரும்."

"ஆதாரத்தையே தூக்கிடு."

"தூக்கினா, முடிவு எங்கேந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. நீங்க சொல்லிடுவீங்களா சார்?"

இன்னொரு முறை வாரிக்கொண்டு கையெழுத்திட்டார்.

இன்று முகப்பில் அவர் பெயர்தான் இருக்கிறது. சந்தேகம் கேட்கத் தலைமை அலுவலகம் என்னைத்தான் அழைக்கிறது.