கண்ணுக்குக் கீழே ஒரு சுழி

என் நாத்தனார் ஈரத் துண்டால் மல்லிகாவின் இடது கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்த காலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. மல்லிகா எங்கள் வீட்டுக் குதிரை. கல்யாணங்களில் மாப்பிள்ளை அழைப்புக்குச் சாரட் வண்டி இழுத்துப் போகிற வெள்ளைக் குதிரை. இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்தவர் எதிரே செல்போனைப் பிடித்தபடி நின்றார். நாத்தனார் துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, கண்ணுக்குக் கீழே முடி வட்டமாகச் சுழன்று நிற்கிற இடம் நன்றாகத் தெரியும்படி விரலால் ஒதுக்கிவிட்டார். "இப்ப எடுங்க சார், தெளிவா விழும்" என்றார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வைக்கோல் போர் பக்கம் நின்றிருந்தேன். இப்போதுகூட வேண்டாம் என்று சொல்லிவிடலாம், அவர் இன்னும் படம் எடுக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

மல்லிகா நோயில் விழும்வரை அந்தச் சுழியை ஊரில் வெளியார் யாரும் பார்த்ததில்லை. குதிரை வாங்குகிறவர்கள் பல்லைப் பார்ப்பதற்கு முன் சுழியைப் பார்ப்பார்கள். நெற்றியில் இருந்தால் நல்லது, கழுத்தில் இருந்தால் யோகம் என்றெல்லாம் கணக்கு உண்டு. கண்ணுக்குக் கீழே இருந்தால் அதைக் கண்ணீர்ச் சுழி என்பார்கள். வைத்திருக்கிற வீட்டை அழவைக்கும் என்பார்கள். நாத்தனாரின் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிட்டவர், அந்தியூர்ச் சந்தையில் மல்லிகாவை வாங்கியபோது வியாபாரியே அதைச் சொல்லித்தான் விற்றானாம். அந்தக் குறையால்தான் அவர் கைக்கு எட்டுகிற விலைக்கு அவ்வளவு நல்ல குதிரை கிடைத்தது. ஊர் வந்து சேர்ந்ததும் முதல் வேலையாகத் தையல்காரரிடம் சொல்லி, கன்னம் இரண்டையும் மூடுகிற மாதிரி பட்டையான ஜரிகையும் குஞ்சமும் வைத்து ஒரு முக அலங்காரம் தைத்து வாங்கினார். அது இல்லாமல் மல்லிகாவை அவர் வாசலைத் தாண்ட விட்டதில்லை.

நான் கல்யாணமாகிப் பாபநாசத்துக்குப் பக்கத்தில் இந்த ஊருக்கு வந்த புதிது. எங்கள் வீடும் நாத்தனார் வீடும் அடுத்தடுத்து. நடுவில் கொல்லைச் சுவர்கூடக் கிடையாது. ஒருநாள் மல்லிகாவைக் குளிப்பாட்டும்போது நான் அந்தச் சுழியைத் தற்செயலாகப் பார்த்துவிட்டேன். அண்ணன் சிரித்துக்கொண்டே வாயில் விரலை வைத்துக் காட்டினார். நானும் சொல்லவில்லை. ஆனால் குழந்தை பிறந்த பிறகு அவளைக் குதிரையின் முகத்துப் பக்கம் தூக்கிக்கொண்டு போகமாட்டேன். வால் பக்கமாகவே வேடிக்கை காட்டுவேன். நான் எம்.காம். படித்தவள்தான். தடுப்பூசி போடப் போகிற நாளில்கூட ராகு காலம் பார்த்துக் கிளம்புகிறவள். அடுத்த வருஷம் அண்ணன் மாரடைப்பில் போனபோது, வீடு நிறைய ஆட்கள் அழுதுகொண்டிருக்க, என் கண் மல்லிகா நின்ற கொட்டகைப் பக்கம் ஒருமுறை போய்வந்தது. நாத்தனார் அதைக் கவனித்திருப்பாரோ என்று பல நாள் கலங்கியிருக்கிறேன்.

அண்ணன் போனபின் நாத்தனாரே குதிரையைப் பார்த்துக்கொண்டார். தீனி, குளிப்பு, லாடம் அடிப்பது, பிடரியைப் பின்னி ஜோடிப்பது எல்லாம் அவர்தான். ஆனால் ஊர்வலத்தில் முன்னால் நின்று கடிவாளம் பிடிக்க அடுத்த தெரு ஆள் ஒருவரைத் தலைப்பாகை கட்டிக் கூட்டிக்கொண்டு போவார். மாப்பிள்ளைக்கு முன்னால் தாலியில்லாத பெண் நடக்கக்கூடாது என்று யாரும் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இவர் ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால், புகையிலும் இரைச்சலிலும் நடந்து வருவார். வாண வெடிச் சத்தத்துக்கு மல்லிகா மிரண்டால் அங்கிருந்தே ஒரு சத்தம் கொடுப்பார். அது அடங்கிவிடும்.

சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்த சமயம். மல்லிகா கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய், மெஷின் அறுத்துத் தள்ளிய ஈர வைக்கோலையும் அதில் கிடந்த புது நெல்லையும் வயிறு முட்டத் தின்றுவிட்டது. விடிந்து பார்த்தால் படுப்பதும் எழுவதுமாக, தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, உடம்பெல்லாம் வேர்வையாக நிற்கிறது. மாட்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மா வந்து வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "குடல் சத்தமே இல்லைங்க. இங்க வச்சுப் பார்க்க முடியாது" என்றார். மூக்கு வழியாக எண்ணெய் இறக்கி, குட்டியானைச் சரக்கு வண்டியில் ஏற்றிக் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார். வழி நெடுக நாத்தனார் வண்டியின் பின்னால் நின்றபடி, குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டே போனார். பிழைத்தது. எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தது. என் கழுத்துச் சங்கிலி பாங்குக்குப் போயிருந்தது. மருந்துக்கடை, மருத்துவமனை, வண்டி என்று ரசீதுகள் ஒரு மஞ்சள் பையை நிறைத்திருந்தன.

சென்னையில் வேலை பார்க்கிற என் கணவர் போனில், "அக்காகிட்டக் குதிரைய வித்துடச் சொல்லு. நான் சொன்னா அவங்க கேக்கமாட்டாங்க, நீ பக்குவமா எடுத்துச் சொல்லு" என்றார். உடம்பு தேறாத குதிரையை எந்தக் கல்யாணக்காரன் வாங்குவான்? செங்கல் சூளைக்கு மண் இழுக்கத்தான் கேட்டு வந்தார்கள். நான் பக்குவமாக எடுத்துச் சொல்லப் போய், பாதியிலேயே வேறு பேச்சுக்கு மாறிவிட்டேன். அப்போதுதான் அண்ணன் எடுத்து வைத்திருந்த குதிரை இன்சூரன்ஸ் ஞாபகத்துக்கு வந்தது. கூடுதலாகக் கட்டி வைத்தியச் செலவுக்கும் சேர்த்து எடுத்திருந்தார். இங்கிலீஷில் இருந்த பாலிசியை நான்தான் உட்கார்ந்து படித்தேன். பணம் வரும். ஆனால் குதிரை அதே குதிரைதான் என்று காட்ட, எந்த அலங்காரமும் இல்லாமல் முகத்தின் இரண்டு பக்கமும் படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு சுழியையும் தழும்பையும் டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

பாலிசி எடுத்த நாளில் போட்டோ எடுத்தது எனக்கு நினைவிருந்தது. போட்டோ என்றால் ஜோடித்துத்தான் எடுக்க வேண்டும் என்று அண்ணன் பிடிவாதமாக இருந்தார். குஞ்சமும் ஜரிகையும் சலங்கையுமாக, பக்கத்தில் அவரும் பட்டுவேட்டி கட்டி நின்றார். அடையாளச் சுழிகளைக் கேட்டபோது நெற்றியையும் கழுத்தையும் மட்டும் சொன்னார். போட்டோ எடுத்தவர் பாபநாசத்துப் பந்தல்காரர். கல்யாணப் பந்தல், நாற்காலி, லைட்டோடு ஓய்வு நேரத்தில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வேலையும் பார்த்தார். மல்லிகாவுக்கு வருகிற கல்யாணங்களில் முக்கால்வாசி அவர் கைவழியாகத்தான் வந்தன. கிளெய்ம் போட வேண்டுமென்றால் அவரிடம்தான் போக வேண்டும். போனால் சுழி தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அடுத்த முகூர்த்தத்துக்குக் குதிரை கொட்டகையிலேயே நிற்கும். இன்னொன்றும் இருந்தது, அதை நாங்கள் இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை: அண்ணன் செத்தது ஏன் என்று ஊருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

நான் ஒருநாள் மெதுவாகக் கேட்டேன். "அண்ணி, டாக்டரம்மா நல்ல மாதிரி. அந்த ஒரு சுழியை மட்டும் எழுதாம விட்டுடச் சொல்லிக் கேப்போமா?"

நாத்தனார் தவிட்டைப் பிசைந்துகொண்டிருந்தார். "படிச்ச புள்ள நீயே இப்படிக் கேக்குற. அந்தம்மா மூக்குல குழாய விட்டு உசிரக் காப்பாத்தினாங்க. அவங்கள பொய் எழுதச் சொல்றதா?"

"அப்ப கிளெய்மே வேணாம் அண்ணி. சங்கிலி மெதுவா மீட்டுக்கலாம். எனக்கு ஒண்ணும் இல்ல."

"உனக்கு ஒண்ணும் இல்லன்னா வெறுங்கழுத்த ஏன் தடவிக்கிட்டே இருக்க?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "இங்க பாரு. அவரு பணம் கட்டினாரு. நோவு வந்துச்சு, வைத்தியம் பார்த்தோம். கேக்குறதுல என்ன தப்பு? அவரு மாரடைப்புல செத்தாரு. டாக்டரே சொன்னாங்க, பீடிதான் காரணம்னு. குதிரை மூஞ்சில இருக்க மசுரு அதுக்கு என்ன பண்ணும்?" பிறகு, "நீயும் அன்னிக்குக் கொட்டகைய ஒரு பார்வை பார்த்தல்ல?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நானும் பார்த்தேன்" என்றார்.

மறுநாள் பந்தல்காரருக்குப் போன் செய்தது அவர்தான். பந்தல்காரர் பைக்கை நிறுத்திவிட்டு நேரே கொட்டகைக்கு வந்தார். வெறும் முகத்தோடு நின்ற மல்லிகாவைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு திரும்பியபோது அவர் முகம் வேறாக இருந்தது.

"என்ன தங்கச்சி இது. தெரிஞ்சேவா வச்சிருந்தீங்க?"

"தெரிஞ்சேதான் அண்ணே."

"என்னைய நம்பி எத்தனை பேர் வீட்டுக் கல்யாணத்துல இத நிறுத்தியிருக்கேன். அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"அதுல எந்த வீடு அழுவுதுன்னு சொல்லுங்க, ரெண்டு பேரும் போய்ப் பார்த்துட்டு வருவோம்."

"எல்லாத்துக்கும் எடக்கா பேசாதீங்க."

"எடக்கு இல்லண்ணே. உங்க பொண்ணு கல்யாணத்துக்கு இதுதான வந்துச்சு? காசுகூட வாங்கலை நாங்க. பேரன் எப்படி இருக்கான்?"

பந்தல்காரர், "அது வேற" என்றார். "கம்பெனிக்காரன் இத ஒத்துக்கமாட்டான். உங்க வீட்டுக்காரரு பேருதான் கெடும்" என்று சொல்லிக்கொண்டே பைக்கை உதைத்தார். ஆனாலும் பேப்பரை அனுப்பிவைத்தார். அதில் அவருக்கும் கெட்ட பெயர் வந்துவிடக்கூடாது என்ற கவலை இருந்திருக்கலாம்.

அதன்பின் கம்பெனி ஆள் வந்த நாளில்தான் நாத்தனார் துண்டை நனைத்துக்கொண்டு நின்றார். வந்தவர் எல்லாப் படமும் எடுத்துவிட்டு, பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இதுல கன்னம் மூடியிருக்கே?" என்று கேட்டார். செத்துப்போனவர் மேல் கேஸ் போடுவார்களா என்றுகூட எனக்கு ஓடியது. நாத்தனார், "மறைச்சுத்தான் சார் கட்டியிருந்தோம். இந்தச் சுழி இருந்தா யாரும் கல்யாணத்துக்குக் கூப்பிடமாட்டாங்க. அதான்" என்றார். கம்பெனிக்காரர், "எங்களுக்கு இது அடையாளம், அவ்வளவுதாங்க" என்று சொல்லி, நெற்றிச் சுழியையும் கழுத்துச் சுழியையும் முன்னங்கால் தழும்பையும் பழைய படத்தோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டு போனார். சில மாதம் இழுத்தடித்தார்கள். முதலிலேயே சொல்லாததற்கு ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பினார்கள். சங்கிலி திரும்பி வந்தது.

அந்த முகூர்த்த காலம் முழுக்கப் பந்தல்காரரிடமிருந்து ஒரு அழைப்பும் வரவில்லை. கடைத்தெருவில் என்னைப் பார்த்த பெண்கள் குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, "பாத்துக்க" என்றார்கள். நான் வீட்டுக்கு வந்து, அவசரப்பட்டுவிட்டோமா அண்ணி என்று எத்தனை முறை கேட்டேன் என்று தெரியாது. நாத்தனார் தினமும் குடமுருட்டி ஆற்றங்கரையில் மல்லிகாவை நடத்திக்கொண்டு போனார், பட்டப்பகலில், ஊர் பார்க்க. சாரட் வண்டியின் பின்பலகையில் தன் போன் நம்பரை எழுதவைத்தார். முதலில் கூப்பிட்டவர் ஒரு பாய், மளிகைக்கடை வைத்திருப்பவர். "எங்களுக்குக் குதிரை ஒழுங்கா நடந்தாப் போதும்மா" என்றார். அந்த ஊர்வலத்தில் தலைப்பாகை ஆளைக் கூப்பிடாமல் நாத்தனாரே முன்னால் நின்று கடிவாளம் பிடித்தார். யாரோ ஒரு கிழவர், "யாரும்மா அது முன்னாடி?" என்று கேட்க, "குதிரைக்காரி" என்றுவிட்டு நடந்தார். நான் குழந்தையோடு ஓரமாக நடந்தேன்.

இப்போது என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். மல்லிகாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுத்தான் வேன் ஏறுவாள். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கப் பழகியிருக்கிறேன். முன்பு வந்த கல்யாணங்களில் பாதிகூட இப்போது வருவதில்லை. அதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. போனில் விசாரிக்கிறவர்கள் சிலர் சுற்றி வளைத்து, "அந்தச் சுழி..." என்று இழுப்பார்கள். நாத்தனார் முடிக்க விடமாட்டார், "இருக்குங்க, அதுக்கென்ன?" என்றுவிடுவார். இன்னும் கொஞ்சம் தணிவாகச் சொன்னால் ஒரு கல்யாணமாவது கிடைக்குமே என்று பக்கத்தில் இருந்து நான் நினைத்துக்கொள்வேன்.

போன வாரம் அவர் தீனி வாங்கப் போயிருந்தபோது போன் அடித்தது. ஒரு அம்மா. மகனுக்குக் கல்யாணம், தஞ்சாவூரில் மண்டபம். எல்லாம் பேசிவிட்டு, "ஒண்ணு கேக்கலாமாம்மா, தப்பா நினைக்காதீங்க" என்றார். என் வாயில் என்னென்னவோ வந்தது. அண்ணி வந்ததும் பேசச் சொல்கிறேன் என்று வைத்துவிடலாம். அலங்காரம் போட்டால் தெரியாது என்று சொல்லலாம்.

"சுழி இருக்குங்க" என்றேன். "இடது கண்ணுக்குக் கீழே. மறைக்கமாட்டோம். கடிவாளம் பிடிச்சுக்கிட்டு முன்னாடி வர்றது எங்க அண்ணி. அவங்களுக்கு வீட்டுக்காரர் இல்ல."

அந்தப் பக்கம் சத்தமில்லை. மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதாவது சொல்லி அந்த இடத்தை நிரப்ப நாக்கு துடித்தது. சொல்லவில்லை. கொட்டகையில் மல்லிகா காலை மாற்றி நின்றது.

"தேதி சொல்லுங்க" என்றேன்.