கமிஷனரின் மூக்கு

யாரிடமாவது எதையாவது நீட்டுவதற்கு முன் சரிதா தன் விரல்களை ஒருமுறை முகர்ந்துகொள்வாள். முகர்ந்ததும் ஒரு சுளிப்பு. பிறகு கை சுடிதாரின் பின்பக்கம் போய்த் துடைத்துக்கொண்டு வரும். அதற்கப்புறம்தான் பை கைமாறும். கீழ்க்கட்டளை மார்க்கெட் ஓரத்தில் அம்மா பூவம்மாளோடு உட்கார்ந்து மீன் விற்கிறவளே மீன் வாசனைக்கு மூக்கைச் சுளிப்பதைப் பார்த்து யாராவது சிரிக்கப்போனால், அவளே முந்திக்கொள்வாள்: “நான் பொறந்தப்பவே நர்சம்மா மூக்கப் பொத்திகினுதான் தூக்கிச்சாம். நீ இன்னா புச்சா சிரிக்கற?”

வயது பத்தொன்பது. பதினொன்றாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டாள். அதையும் சிரிப்புக் கதையாகத்தான் சொல்வாள். “என் பெஞ்சில ஒருத்தியும் குந்த மாட்டாளுங்க. நாலு பேர் பெஞ்சுல நான் ஒருத்தியா கால நீட்டிகினு பாடம் கேட்டேன். அம்மாம் சொகத்துல எவளுக்குப் படிப்பு ஏறும்?” கேட்டவர் சிரித்து முடிப்பதற்குள் அவள் குனிந்து செதில் சுரண்டத் தொடங்கியிருப்பாள், தேவைக்கு மேல் கொஞ்சம் வேகமாக.

அருவாமனைக்குப் பக்கத்தில் தெர்மாகோல் பெட்டி மூடியின் மேல் ஒரு சாம்பல் நிறப் பூனை படுத்திருக்கும். ஒரு காது மடங்கியிருக்கும். பெயர் கமிஷனர். ஒரு வேலையும் செய்யாமல், உட்கார்ந்த இடத்திலேயே முதல் துண்டு வந்து சேர்கிறதே, அதனால் சரிதா வைத்த பெயர். பேரம் பேசிப் பிராணனை வாங்குகிறவர்களிடம் அவள் முகத்தை இறுக்கிக்கொண்டு, “இரு, கமிஷனராண்ட சொல்றேன்” என்பாள். புதிதாகக் குடிவந்தவர்கள் வெலவெலத்துப் போவார்கள். “கமிஷனர் சார்!” என்று அவள் குரல் கொடுத்ததும் பூனை எழுந்து, சோம்பல் முறித்து, அவள் புறங்கையில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுக் காலடியில் உட்காரும். அந்த மூக்கை வைத்துப் பார்ப்பதை அதுவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

சேலையூர் ஸ்ரீவத்சன் மீன் தொடாத வீட்டுக்காரர். ஆனால் தன் நாய்க்காக வாரம் ஒருமுறை மத்தி வாங்க வருவார். இரண்டு கறுப்புக் கவரில் கட்டச் சொல்லி, உடம்புக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு போவார். “சார், அது வெடிக்காது சார்” என்று சரிதா பின்னாலிருந்து கத்துவாள். அந்த நாயோடு அவர் சனிக்கிழமைகளில் முதியோர் இல்லங்களுக்குப் போகிறார். படுத்தே கிடக்கிறவர்கள் நாயைத் தடவிக்கொடுத்தபடி நாலு வார்த்தை பேசுவார்கள். அவ்வளவுதான் வேலை, சம்பளம் கிடையாது.

ஒருநாள் மார்க்கெட்டில் அம்மாவைத் தொலைத்துவிட்டு அலறிய குழந்தை ஒன்று, கமிஷனரின் வாலை இழுத்து, மடங்கிய காதை நிமிர்த்திப் பார்த்து, அழுகையை மறந்துபோனது. ஸ்ரீவத்சன் அதைப் பார்த்துவிட்டார்.

“எவ்வளவு பொறுமை இதுக்கு! நீயும் இதுவும் ஒரு டீமா எங்களோட முதியோர் இல்லத்துக்கு வரலாமேம்மா. ஒரு டெஸ்ட் வைப்போம், பாஸ் பண்ணா போதும்.”

“டெஸ்டா? சார், நான் பாஸானதா சரித்திரமே கெடையாது. கமிஷனர மட்டும் இட்டுகினு போங்க.”

“பூனை தனியா வர முடியாது. நீதான் பக்கத்துல உக்காந்து, அவங்க கையைப் பிடிச்சு, இது மேல வச்சுக் குடுக்கணும்.”

கையைப் பிடித்து. சரிதாவுக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. “நம்ம மூஞ்சிக்கு இதெல்லாம் ஓவரு” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். சொல்லிக்கொண்டே கமிஷனருக்குத் தடுப்பூசி போட்டு வந்தாள். நகம் வெட்டினாள். எவர்சில்வர் தட்டைப் பக்கத்தில் போட்டுத் திடீர்ச் சத்தத்துக்குப் பழக்கினாள். சக்கர நாற்காலிக்கு எங்கே போவது? ஐஸ் வண்டியை அதன் வாலோரமாக உருட்டிப் பார்த்தாள்.

ஸ்ரீவத்சன் கொடுத்த விண்ணப்பத்தில் ஒரு வரி இருந்தது: பிராணியோடு வருகிறவர் மீது கடுமையான வாசனை இருக்கக் கூடாது. மற்ற வரிகளை ஒருமுறை படித்தவள் இதை ஏழெட்டு முறை படித்தாள்.

தேர்வு ராஜகீழ்ப்பாக்கத்தில், ஒரு முதியோர் இல்லத்து முற்றத்தில் நடந்தது. பூவம்மாள் கடையைக் கட்டிவிட்டு, கமிஷனரைக் கூடையில் வைத்து நேராக ஆட்டோவில் வந்தாள். சரிதா முன்னதாகவே வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். இரண்டு மணி நேரம் புளி, எலுமிச்சை, சீயக்காய், கடைசியில் காபித்தூள் என்று தேய்த்தாள். அதுவும் போதாமல் எதிர்வீட்டு அருள்மேரியின் சென்ட்டைத் தலையிலிருந்து கால்வரை அடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

“கூடையிலேருந்து எடும்மா” என்றார் ஸ்ரீவத்சன், பேனாவும் தாளுமாக.

சரிதா கையை விட்டாள். கமிஷனர் அந்தக் கையில் மூக்கை வைத்துப் பார்த்தது. உடனே முதுகு வளைந்தது, காது படிந்தது, ஒரு சீறல். மணிக்கட்டில் மூன்று கோடு விழுந்தது. துள்ளிப் பாய்ந்து பெஞ்சுக்கடியில் புகுந்துகொண்டது. “கமிஷனர் சார்!” என்று கூப்பிட்டதும் தலையை நீட்டியது. கிட்டே வந்து முகர்ந்ததும் மறுபடி உள்ளே போய்விட்டது.

ஸ்ரீவத்சன் பேனாவை மூடினார். “பரவாயில்ல, டென்ஷன் ஆயிடுச்சு போல. அடுத்த டெஸ்ட் ஆறு மாசம் கழிச்சு வரும்...”

“சொல்லல சார்? வாத்தியாருங்கதான் ஃபெயில் போட்டாங்கன்னா, இப்ப பூனையும் போட்டுடிச்சு.” சிரித்தாள். சிரிப்பு பாதி வழியில் நின்றுபோனது.

பூவம்மாள் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். “சென்ட் பாட்டில்ல வுழுந்து எழுந்துகினு வந்தியா? எனக்கே நீ யாருன்னு தெரியல, அதுக்கு எப்டிடீ தெரியும்?”

கமிஷனர் வெளியே வந்து பூவம்மாளின் முந்தானையில் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து விற்ற அத்தனை மீனும் அந்த முந்தானையில் இருந்தது.

சரிதா கூடைக்கு அடியிலிருந்து கடையில் மீன் கையைத் துடைக்கிற ஈரத்துண்டை எடுத்தாள். மறைவாக ஓர் இடம் தேடினாள். முற்றத்தில் மறைவே இல்லை. சுற்றிலும் தேர்வுக்கு வந்த, ஷாம்பு மணக்கும் நாய்கள், அவற்றைப் பிடித்தபடி இஸ்திரி கலையாத மனிதர்கள். அவள் அங்கேயே நின்று, அத்தனை பேருக்கும் முன்னால், துண்டை இரு கைகளிலும் முழங்கை வரை தேய்த்துக்கொண்டாள். பக்கத்திலிருந்த பெண்மணி நாசூக்காகக் கைக்குட்டையை எடுத்தார். அவருடைய நாய் மட்டும் சரிதாவை மிகுந்த மரியாதையோடு திரும்பிப் பார்த்தது.

கமிஷனர் வந்து முகர்ந்தது. தாவி அவள் முழங்கை மடிப்பில் ஏறிப் படுத்துக்கொண்டது. ஸ்ரீவத்சன் பேனாவை மறுபடி திறந்தார். அதற்கப்புறம் தட்டு விழுந்தது, சக்கர நாற்காலி உரசிப் போனது, மூக்கெதிரே பிஸ்கட் வைக்கப்பட்டது. மீனுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்த ஜீவன் பிஸ்கட்டை ஒரு கேவலப் பார்வை பார்த்ததோடு சரி.

“சார், அந்த வாசன மேட்டரு...” என்று சரிதா இழுத்தாள்.

“அது சென்ட் அடிக்காம வாங்கன்னு போட்டதும்மா. பிராணிகளுக்கு ஆகாது.”

“அய்யோ சார்! ரெண்டு மணி நேரம்! தோலே உரிஞ்சி கீது!”

ஸ்ரீவத்சன் ஒரு முழம் தள்ளி நின்றபடியே ‘பாஸ்’ என்று எழுதினார்.

முதல் சனிக்கிழமை அவளுக்குக் கிடைத்தவர் சுவிசேஷமுத்து, தாம்பரத்தில் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இருந்த இல்லத்துச் சமையல் சுத்த சைவம். மூன்று வருடமாகச் சாம்பாரோடு அவருக்குத் தீராப் பகை. மடியில் வைத்த கமிஷனரை அவர் பார்க்கக்கூட இல்லை. சரிதா வழக்கம்போல விரல்களை முகர்ந்தாள், சுளித்தாள். வலது கையை மெல்ல நீட்டினாள், இடது கை முதுகுக்குப் பின்னால் போனது. கிழவர் நீட்டிய கையைப் பிடித்து, பூனை மேல் வைக்காமல், நேரே தன் மூக்குக்குக் கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டார்.

“வஞ்சிரம்.”

“வஞ்சிரமா? நம்ம மூஞ்சிக்கா? இல்ல தாத்தா.”

“அப்ப பாறை. பொய் சொல்லாத.”

“இல்லவே இல்ல.”

கிழவர் கோபத்தோடு மறுபடி முகர்ந்தார். கமிஷனர் தூங்கிப்போயிருந்தது. சரிதா முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த கையை, துடைக்காமலே முன்னால் கொண்டுவந்து, அதையும் அவர் மூக்குக்குக் கீழே நீட்டினாள்.