வெள்ளை மையில் மறைந்த சதுப்பு

கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்ட வியாழக்கிழமை, காலை பதினொரு மணிக்கு அந்தப் படம் வந்தது. ஸ்ரீரங்கம் தீவின் பழைய நில அளவைப் படம். பல வருடங்களாக என்னிடம் இருந்தது அதன் மங்கலான ஜெராக்ஸ்தான். மூலப் பிரதியின் ஸ்கேனை நண்பர் ஒருவர் இப்போதுதான் அனுப்பியிருந்தார்.

பெரிதாக்கிப் பார்த்தேன். தீவின் வடகரையில், கொள்ளிடத்தை ஒட்டி, என் ஜெராக்ஸில் வெறுமையாக இருக்கும் இடத்தில், சின்னச் சின்னப் புல் கொத்துகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கோடு. சதுப்பு நிலத்துக்கான குறி.

அலமாரியிலிருந்து ஜெராக்ஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அதே இடத்தில், எழுத்துப்பிழை மறைக்கும் வெள்ளை மை திட்டுத் திட்டாக. அந்தக் குறிகளை அழுக்கு என்று நினைத்து நானே மறைத்திருக்கிறேன். 'சுத்தம் செய்தது' என்று ஓரத்தில் தேதி வேறு; எதைச் செய்தாலும் தேதி குறிப்பது என் பழக்கம், தங்கை கணவருக்கு அது தீராத கேலி. அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான் என் தங்கை அங்கே மனை வாங்கினாள். என்னைக் கேட்டுவிட்டுத்தான் வாங்கினாள். "பழைய மேப்லயே மேட்டு நிலம்தான், தைரியமா வாங்கு" என்றேன்.

அவள் கணவர் பக்கவாதத்தில் படுத்து இரண்டு வருடமாகிறது. அந்த மனையில் கட்டிய வீட்டில், அவர் கட்டில் கீழ் அறையில்.

போனை அவள் எடுக்கவில்லை. மன்னார்புரத்தில் பஸ் ஏறினேன். காவிரிப் பாலத்தில் ஜனங்கள் தண்ணீரைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னால் ஜன்னல் பக்கம் திரும்ப முடியவில்லை.

"போன் சார்ஜ்ல கிடக்கு அண்ணா. என்ன, இன்னைக்கு மேப் எதுவும் சிக்கலையா?" என்று சிரித்தபடி கதவைத் திறந்தாள். வாசலிலேயே சொல்லிவிட்டேன். வெள்ளை மையையும் மறைக்கவில்லை.

அவள் என்னைத் திட்டவில்லை. தரையைப் பார்த்தாள்.

"காலையிலேர்ந்து மூணு தரம் துடைச்சேன். மாப் போட்ட ஈரம்தான் காயலேன்னு நெனச்சேன்."

கீழ் அறையில் டைல்ஸ் இடுக்குகள் எல்லாம் கறுத்திருந்தன. விரலால் அழுத்தினேன். தண்ணீர் கசிந்து விரலைச் சுற்றி நின்றது.

எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டோம். பிளாஸ்டிக் நாற்காலியில் தங்கை கணவரை உட்கார வைத்து, மூன்று பேருமாக மாடிக்குத் தூக்கினோம். பாதிப் படியில் அவர் குழறிய குரலில் கேட்டார்: "மச்சான், தேதி குறிச்சாச்சா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே, நாங்கள் வந்த வழியில் எங்கள் காலடித் தடங்கள் காயாமல் கிடந்தன. அவள் நாற்காலிக் காலை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"பேசாம ஏறுங்க அண்ணா" என்றாள்.