கற்பூரம் அடிக்காத அண்ணன்

எல்கடுவப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா என்றால் விடியும்போதே பலாமரத்தில் கட்டிய ஸ்பீக்கர் பாட ஆரம்பித்துவிடும். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் கூடவே முணுமுணுத்துக்கொண்டு மலையேறுவார்கள். இப்போது மாத்தளை டவுனிலிருந்து வாடகைக்கு மைக் செட் வருகிறது. சத்தம் மட்டும் காதைப் பிளக்கிறது. அந்தப் பழைய கரகரத்த பாட்டுக்காக நான் இன்னும் ஏங்குகிறேன்.

அந்தப் பழைய செட்டைப் பார்த்துக்கொண்டவர் எங்கள் லயத்தில், அதே வீட்டு வரிசையில், இருந்த அண்ணன் ஒருவர். ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். "சாமியெல்லாம் நம்ம கட்டுனது தம்பி" என்று சொல்லித் திருநீறு வாங்காமல் போகிற ஆள். ஆனாலும் செட் இருந்த கோயில் அறையின் சாவி ஒன்று அவரிடம்தான் இருந்தது. அவர் கையில் ஒரு பொருள் குறையாது என்று தோட்டத்துக்கே தெரியும். மற்றச் சாவி கமிட்டிக்காரனான என்னிடம். நெற்றி நிறையப் பட்டை போடுகிறவன் நான்.

மகனின் முதல் பிறந்தநாளுக்கு யாரையும் கேட்காமல் அம்ப்ளிபயரை வீட்டுக்குத் தூக்கிவந்தேன். வயரை மாற்றிக் குத்தினேன். புகைந்துவிட்டது. துடைத்து, சத்தம் போடாமல் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தேன்.

அந்த வருஷம் கொடியேற்றத்தன்று காலை செட் பாடவில்லை, அம்ப்ளிபயர் கருகிக் கிடந்தது. கோயில் தலைவர் எங்கள் இருவரையும் அம்மன் முன்னால் நிறுத்தினார். கொளுத்திய கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம். செய்துவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை.

நான் அடித்தேன். அம்மன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. இருந்தும் அடித்தேன்.

அண்ணன் அடிக்கவில்லை. "நான் செய்யலைங்க. ஆனா எனக்கு நம்பிக்கையில்லாத கற்பூரத்த அடிச்சா, அது ஒங்கள ஏமாத்துறது. என் வாய்ச்சொல்லு போதும்னா எடுத்துக்கங்க" என்றார்.

போதவில்லை. அன்றைக்கே சாவியை வாங்கிக்கொண்டார்கள். அதன்பிறகு பொதுப் பொருள் எதையும் யாரும் அவரை நம்பிக் கொடுக்கவில்லை.

நான் வருஷா வருஷம் அலகு குத்திக்கொண்டேன். மனசு ஆறவில்லை. போன வருஷம் வெட்கத்தை விட்டு அவரிடமே போய்ச் சொன்னேன்.

"தெரியும் தம்பி. சாவி ரெண்டு பேருகிட்ட தானே இருந்துச்சு."

"அப்ப ஏண்ணே சொல்லல?"

"கண்ணால பாக்காதத எப்புடி சொல்றது?"

"அம்மன்கிட்ட எத்தனையோ தடவ மன்னிப்பு கேட்டுட்டேண்ணே."

"அம்மனுக்கு நீ என்னா கெடுதல் செஞ்ச? ஆளுங்ககிட்ட சொல்லு."

இந்த வருஷத் திருவிழாக் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணனும் பின்னால் உட்கார்ந்திருந்தார். நான் பேசி முடித்ததும் தலைவர் சிரித்தபடி என் தோளைத் தட்டினார்.

"ஒங்களுக்கு நல்ல மனசுங்க. அவரு பேர காப்பாத்தணும்னு இப்புடி சொல்றீங்க. கற்பூரம் அடிச்ச ஆளு நீங்க, பொய் சொல்லியிருப்பீங்களா?"

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. நான்தான், நான்தான் என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அண்ணன் எழுந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, லயத்துப் பக்கம் நடந்தார்.