டிரைவர் மேல் கை வைத்தேன்

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறேன். போன மாதம் வேனில் முட்டை ஏற்றிக்கொண்டு சேலம் புறப்பட்டோம். டிரைவர் செல்வம் ஓட்ட, நான் பக்கத்தில் இருந்தேன். கரும்பு லாரியை முந்தும்போது வேனின் வேகம் திடீரெனக் குறைந்தது. எதிரே பஸ். செல்வம் இடப்பக்கம் ஒடித்ததில் வேன் லாரியில் உரசி, கதவு நசுங்கி, உடைந்த கண்ணாடி என் தோளில் குத்தியது.

வேன் நின்றதும் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து முகத்தில் குத்தினேன். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது.

"ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சேனுங்க, வண்டி இழுக்கலீங்க!"

நம்பாமல் மறுபடியும் அறைந்தேன்.

போன் செய்து வரவழைத்த மெக்கானிக் டீசல் பில்டரைக் கழற்றி, அதிலிருந்ததை ஒரு பாட்டிலில் ஊற்றினார். அடியில் தண்ணீரும் துருவும் தங்கின.

"அடைச்சுக்கிச்சுங்க. டீசல் எங்க புடிச்சீங்க?"

பண்ணை ஜெனரேட்டருக்கு வைத்திருந்த துருப்பிடித்த பேரலிலிருந்து, செல்வம் வேண்டாமென்று சொல்லியும், காலையில் ஊற்றியது நான்தான். மெக்கானிக் முன்னாலேயே அதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

"உடுங்க" என்றார் செல்வம். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை.

டேங்கைக் கழுவி, பில்டர் மாற்றியதும் வேன் சரியானது. இப்போது பெட்ரோல் பங்கில் மட்டுமே டீசல் போடுகிறேன். வாரம் ஒருமுறை பில்டரில் தேங்கும் தண்ணீரை வடிக்கிறேன். வேனையும் நானேதான் ஓட்டுகிறேன்.