ஞாயிறு காலை ஏழு மணிக்கு மெட்டில்டா அக்கா

மெட்டில்டா அக்கா இறந்துபோன செய்தி வந்தபோது நான் உடன்குடியில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். இலையில் பாயசம் ஊற்றிவிட்டு அடுத்த வரிசைக்குப் போயிருந்தார்கள். போனில் அக்காவின் தம்பி மகள் ஜெனிபர். "மாமா, அத்தை போயிட்டாங்க" என்றாள். "எங்கம்மா போனாங்க?" என்று கேட்டேன். அப்படித்தான் கேட்கத் தோன்றியது. வீட்டில் இருந்தார் என்பதைவிட எங்கோ கிளம்பிப் போனார் என்று கேட்டே பழகிய மனிதர் அவர். ஜெனிபர் பதில் சொல்லாமல் அழுத பிறகுதான் புரிந்தது. இலையை மூடினேனா என்று ஞாபகம் இல்லை. தூத்துக்குடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, திருச்செந்தூர் தாண்டிய பிறகு வலது கையைப் பார்த்தேன். கழுவாமல் வந்திருக்கிறேன்.

அவரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மாதா கோயில் படியில் கூடி, அவர் பின்னால் பழைய தூத்துக்குடியின் சந்துகளில் நடந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களில் பலருக்கு அவர் கப்பல் ஏஜென்சியில் தட்டச்சராக இருந்தவர் என்பதே தெரிந்திருக்காது. நானும் அவரும் இருபத்திரண்டு வருடம் அங்கே அடுத்தடுத்த மேஜையில் இருந்தோம். நான் லிங்கதுரை. அவருக்கு மட்டும் "ஏலே லிங்கம்".

ஒருநாள் சரக்குக் கப்பல் ஒன்றின் அதிகாரி, வெளிநாட்டுக்காரர், காகிதத்தில் கையெழுத்து வாங்க அலுவலகம் வந்தார். கப்பல் கிளம்ப நேரம் இருந்தது. இந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டார். எங்கள் மேலாளர், "இங்கே ஒன்றும் இல்லை, உப்பும் வெயிலும்தான்" என்று சிரித்தார். அக்கா பாதியில் நின்ற தட்டச்சை அப்படியே விட்டு எழுந்தார். அந்த மனிதரைக் கூட்டிக்கொண்டு வெளியே போனவர் திரும்பி வர மதியமாகிவிட்டது. மேலாளர் சத்தம் போட்டார். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்க சார். அது பொய். நம்ம ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் பொய்யோட கப்பலேறிப் போகக்கூடாதுல்லா, அதான் போனேன்" என்றார். பிறகு அதே வரியிலிருந்து தட்டச்சுச் செய்யத் தொடங்கினார்.

அக்கா பணி ஓய்வு பெற்ற அடுத்த ஞாயிறே நடை தொடங்கிவிட்டது. முதல் வாரம் வந்தவர்கள் நான், என் மனைவி, கோவையிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதி. போகப் போக ஜனம் கூடியது. மாதா கோயில், டச்சுக்காரர்கள் கட்டிய சின்னச் சர்ச், அதன் அருகே எழுத்து மங்கிய கல்லறைகள், சிவன் கோயில் தெரு, பழைய பள்ளிவாசல், மரப்பலகணி வைத்த வீடுகள் என்று சுற்றி, மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிக்கொண்டிருக்கும் தோணிகளின் முன்னால் போய் முடியும். எல்லாரும் கோபுரத்தையும் கூரையையும் அண்ணாந்து பார்ப்பார்கள். அக்கா கீழே காட்டுவார். "கட்டிடத்தைக் காசுள்ளவன் கட்டுதான். படியைத் தேய்க்கது ஊர் முழுக்க. படியைப் பாருங்க."

அவர் எல்லாருக்கும் இனிமையானவராக இருந்தார் என்று எழுதினால் அது பொய்யாகும். சமைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் வீட்டுக்குள் அனுமதி கேட்காமல் கேமராவை நீட்டிய ஒருவரை, முப்பது பேர் முன்னால், "உங்க வீட்டு அடுக்களையை நான் வந்து படம் புடிக்கட்டா?" என்று கேட்டார். அந்த மனிதர் பாதியிலேயே ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. "கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருக்கலாம்லா அக்கா" என்றேன். "நாம போன பிறகும் அந்தப் பொம்பள அதே வீட்டுல இருக்கணும்லா" என்றார்.

இனிச் சொல்லப்போவதைச் சொல்லலாமா என்று பலமுறை யோசித்தேன். அதில் சம்பந்தப்பட்டவர் சூசை மாமா, அவரிடமே கேட்டேன். "எழுதுங்க, அதுக்கென்ன" என்றார். அதனால் எழுதுகிறேன்.

தோணிகளின் முன்னால் நடை முடியும் இடத்தில் அக்கா எப்போதும் முத்துக்குளிப்பைப் பற்றிச் சொல்வார். குளியாளி கடலுக்குள் இறங்கும்போது அவன் இடுப்புக் கயிற்றைத் தோணியில் இருந்து பிடிப்பவன் மச்சானாகத்தான் இருப்பான். கூடப் பிறந்தவனைக்கூட நம்பமாட்டார்கள், மச்சானை நம்புவார்கள். தன் அக்காள் தாலி அறுவதை எந்தத் தம்பியும் பார்த்துக்கொண்டிருக்கமாட்டான் என்பதால். சங்கு குளிக்கிறவர்களுக்கும் அதே வழக்கம்தான். இதைக் கேட்டதும் எல்லாரும் கைதட்டுவார்கள். அக்கா கைதட்டல் முடியும்வரை கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்கு அது அவருடைய பாணி என்றுதான் தோன்றியிருந்தது.

மூன்று வருடம் முன்பு ஒரு ஞாயிறு, கடற்கரைச் சாலையில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். தோணிகள் பக்கம் போக முடியாததால், வேறு வழியில்லாமல் நடையின் நடுவிலேயே ஒரு குறுகிய சந்துக்குள் நின்று அக்கா அந்தக் கதையைச் சொன்னார். அந்தச் சந்தை அவர் எப்போதும் வேகமாகக் கடந்துவிடுவார், அதையும் நான் கவனித்ததுண்டு, காரணம் கேட்டதில்லை. மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு டீச்சர், "மச்சான் கயிறு பிடிச்சும் ஆள் திரும்பி வராமப் போனது உண்டா?" என்று கேட்டார். அக்கா பதில் சொல்லாமல் நின்று அதுவரை நான் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த ஒரு கிழவர் எழுந்தார். "உண்டு" என்றார். "கயிறு என் கையிலதான் இருந்துச்சு."

அக்கா அவரைப் பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, அலுவலகத்தில் தொலைபேசியில் பேசுவாரே, அந்தச் சீரான குரலில், "இவர் எங்க தாய்மாமா. பேரு சூசை. எங்க அப்பாவுக்குக் கயிறு பிடிச்சவர்" என்றார். அப்புறம் அவரிடம், "உள்ள போங்க மாமா. வெயில்ல நிக்காதீங்க" என்றார். மீதி நடையை ஒரு இடம் விடாமல் முடித்தார்.

எல்லாரும் கலைந்த பிறகு, மக்ரூன் சுடும் பேக்கரிப் படியில் உட்கார்ந்து எனக்குச் சொன்னார். அப்பா சங்கு குளிக்கப் போனபோது அக்காவுக்கு எட்டு வயது. இழுக்கச் சொல்லும் சைகை கயிற்றில் வரவேயில்லை. சந்தேகப்பட்டு இழுத்தபோது அறுந்த முனைதான் மேலே வந்தது. கடலடிப் பாறையில் உரசி அறுந்தது என்றார்கள் சிலர். கயிறு பிடித்தவன் கவனம் இல்லாமல் இருந்தான் என்றார்கள் சிலர். அக்காவின் அம்மா இரண்டாவதை நம்பினார், சாகும்வரை தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா பேசாதவரோடு பிள்ளைகளும் பேசவில்லை. இரண்டு சந்து தள்ளி இருந்த மனிதரோடு ஐம்பது வருடத்துக்கு மேல் பேச்சில்லை.

"அப்ப அவருக்கு எத்தனை வயசு தெரியுமா, லிங்கம்? பத்தொம்பது. நம்ம ஆபீஸ்ல பத்தொம்பது வயசுல ஒருத்தன் வந்தா நாம டீ வாங்கத்தான அனுப்புவோம்" என்றார். "இத்தனை வருசம் ஊருக்கெல்லாம் வீடு வீடாக் காட்டுதேன். அந்த ஒரு வாசல்ல மட்டும் நான் நின்னதில்ல."

பேக்கரியில் அரைக் கிலோ மக்ரூன் வாங்கிக்கொண்டு, என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தச் சந்துக்குத் திரும்பிப் போனார். உள்ளே என்ன பேசினார்கள் என்று அவர் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறிலிருந்து நடை சூசை மாமா வீட்டு வாசலில் முடிந்தது. கயிற்றின் கதையை அக்கா அதற்குப் பிறகு சொல்லவில்லை. மாமா சொல்வார். மெதுவாக, திக்கித் திக்கி, கடைசிவரை. அவர் சொல்லி முடித்தபோது யாரும் கைதட்டியதில்லை. அக்கா அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார். முடிந்ததும், "மாமா, காப்பி குடிச்சாச்சா?" என்பார். மாமாவுக்குக் கண்புரை அறுவை முடிந்த நாட்களில் சோறு கொண்டு போனதும், அவர் சட்டைகளைத் துவைத்துத் தேய்த்து வைத்ததும் அக்காதான்.

இந்த வருடம் அக்காவின் நடை தளர்ந்திருந்தது. ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து பேசினார். படியைப் பற்றி விளக்கத்தான் உட்காருகிறார் என்று நாங்கள் எல்லாரும் அவரைச் சுற்றி நின்று கேட்டோம். மூச்சு வாங்கியிருக்கிறது. இதய மாத்திரைகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்ததை, அவர் போன பிறகுதான் ஜெனிபர் கண்டெடுத்தாள்.

இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, எனக்குப் போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை நீ கூட்டிட்டுப் போறியா லிங்கம்? எனக்குக் கொஞ்சம் அசதியா இருக்கு." எட்டு வருடத்தில் அவர் அப்படிக் கேட்டதேயில்லை. "உடன்குடில கல்யாணம் இருக்கே அக்கா. மச்சினன் வீட்டுக் கல்யாணம், போகாம முடியாது" என்றேன். "சரி சரி, நீ போயிட்டு வா. நான் பாத்துக்கிடுதேன்" என்றார். கல்யாணத்துக்குப் போகவேண்டியிருந்தது உண்மைதான். இந்த வாரம் நடை வேண்டாம், வீட்டில் இருங்கள் என்று சொல்லியிருக்கலாம் என்பதும் உண்மைதான். அது எனக்குத் தோன்றவில்லை. பதினான்கு பேரைக் கூட்டிக்கொண்டு முழுதாக நடந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தவர்தான்.

மறுநாள் அடக்கத்தின்போது சூசை மாமாவைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தார்கள். அவர் உட்காரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் மண் போட்டுவிட்டு நகர்ந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "மூணு வருசந்தான் கிடைச்சுது" என்றார். "நான் அவ வீட்டுக்குப் போயிருக்கலாம்லா. ரெண்டு சந்துதான. நானும் போகல, அவளும் வரல. எல்லாம் போன பொறவு மூணு வருசம்." அவரை ஆட்டோவில் வீட்டில் விட்டுவிட்டு, அந்தச் சந்திலேயே வெகுநேரம் நின்றேன்.

அடுத்த ஞாயிறு மாதா கோயில் படிக்குப் போனேன். செய்தி தெரியாமல் யாராவது வந்தால் சொல்லி அனுப்பிவிடலாம் என்றுதான் போனேன். ஒன்பது பேர் வந்திருந்தார்கள். நான்கு பேருக்குத் தெரியாது. சொன்னேன். ஒரு பெண் படியில் உட்கார்ந்து அழுதார். பெங்களூரில் இருந்து வந்திருந்த ஒருவர், "அப்படின்னா நாங்க கிளம்புறோம்" என்றார். யாரும் கிளம்பவில்லை. நானும் கிளம்பவில்லை. கடைசியில், "வாங்க" என்று நடக்கத் தொடங்கினேன்.

பல இடங்களில் தவறாகச் சொன்னேன். ஒரு வீட்டின் வயதைப் பற்றி நான் சொன்னதை மாடியிலிருந்து ஒரு அம்மா திருத்தினார். டச்சுச் சர்ச்சுக்குப் பக்கத்தில், ஒரு அடி அகலமே இருந்த சின்னக் கல்லறை ஒன்றைக் காட்டி, அழுத அந்தப் பெண், "இது குழந்தையோடதா? யாரு பிள்ளை?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "அக்காட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. இருபத்திரண்டு வருட அலுவலகத்திலும் அதற்குப் பிறகும் எனக்குத் தெரியாததற்கெல்லாம் நான் சொல்லி வந்த பதில் அதுதான். ஒன்பது பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மெட்டில்டா அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஞாயிறு காலை ஏழு மணி. எந்த வீட்டில் கதவைத் தட்டலாம், எந்த வீட்டில் வாசலில் நின்று கூப்பிடவேண்டும் என்பது தெரியும். அந்தக் குழந்தை யாருடையது என்று எனக்குத் தெரியாது. உங்களில் யாருக்காவது அவர் சொல்லியிருந்தால், வந்து எனக்குச் சொல்லுங்கள்.